எடையே சொன்ன மாற்று: குரோசஸின் தங்கக் கட்டிகள்

லிடியா (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) மன்னன் குரோசஸ் கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலுக்கு அனுப்பிய 117 கட்டிகளும் ஒரே உயரம், ஒரே அகலம். ஆனால் 4 மட்டும் தலா 2.5 தாலந்து (பழைய எடை அளவு), மற்றவை தலா 2 தாலந்து என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அந்த நான்கும் புடம்போட்ட தங்கம். மற்றவை வெண்பொன், அதாவது வெள்ளி கலந்தது. எடையே மாற்றைச் சொல்லிவிடுகிறது, எவ்வளவு அழகு!

பொன்னிலிருந்து வெள்ளியைப் பிரித்த பட்டறையை லிடியாவின் தலைநகர் சார்டிஸில், பக்டோலஸ் ஆற்றோரம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, உப்போடு மண்சட்டியில் அடுக்கி, உருகாத சூட்டில் நெடுநேரம் வைப்பார்கள். வெள்ளி உப்போடு சேர்ந்து சட்டிச் சுவரில் ஊறிவிடும். சூடு மிஞ்சினால் தகடு உருகி உருண்டையாகும். உள்ளிருக்கும் வெள்ளியை உப்பு தொடவே முடியாது. ஊறிய வெள்ளியையும் விடவில்லை, ஈயத்தோடு உருக்கி மீட்டார்கள்.

கட்டிகள்மேல் நின்ற 10 தாலந்து பொன் சிங்கம், கோயில் எரிந்தபோது கீழே விழுந்தது. 3.5 தாலந்து உருகிப்போக, மிஞ்சியது 6.5.