ரோந்து முடிந்து திரும்பியவர் கேட்ட கேள்வி

நான் ராணுவ உளவுத் தகவல் பிரிவில் இருந்த காலத்தில், இரவெல்லாம் ரோந்து சுற்றிவிட்டு விடியற்காலையில் முகாம் திரும்பும் குழுக்களிடம் விவரம் கேட்டுப் பதிவு செய்வது என் அன்றாட வேலையாக இருந்தது. ஒருநாள், ஈரம் காயாத சீருடையோடு எதிரே அமர்ந்திருந்த குழுத்தலைவர் ஒருவர் என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்துவிட்டு, "மூன்று வாரத்துக்கு முன்னால் ஆற்றோரம் புதிய லாரித் தடம் இருக்கிறது என்று சொன்னேனே சார், அது என்ன ஆயிற்று?" என்று கேட்டார். பழைய கோப்புகளைப் புரட்டித்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. அவர் தந்த தகவலை வைத்து வேறொரு குழுவின் பாதையையே மாற்றியிருந்தோம். அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொடுத்த தகவல் எங்கே போனது என்று தெரியாதவர், அடுத்த முறை "குறிப்பிடும்படி ஒன்றுமில்லை" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொள்கிறார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரகசியம் காக்க வேண்டிய கட்டாயம் உண்மையானதுதான். ஆனால் மறைக்க வேண்டியது பெரும்பாலும் தகவல் வந்த வழியைத்தானே தவிர, அதிலிருந்து நாம் கண்ட முடிவை அல்ல.

தளபதிக்கும் உளவு அதிகாரிக்கும் இடையிலான நம்பிக்கை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ், லேட்டன் இருவரும்தான். பேர்ல் ஹார்பர் பேரழிவுக்குப் பின் பசிபிக் கடற்படையின் பொறுப்பை ஏற்ற நிமிட்ஸ், அங்கிருந்த உளவு அதிகாரி எட்வின் லேட்டனை மாற்றாமல் தன்னுடனேயே வைத்துக்கொண்டார். 1942 ஜூன் 4 அன்று தொடங்கிய மிட்வே போருக்கு முன், அந்தத் தீவை நோக்கி ஜப்பானியக் கடற்படை எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில் வரும் என்று நிமிட்ஸ் அழுத்திக் கேட்டபோது லேட்டன் துணிந்து சொன்ன கணிப்பு, ஐந்து மைல், ஐந்து பாகை, ஐந்து நிமிடம் என்ற அளவில்தான் பிசகியது.

1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் அருகே ஜெர்மன் டாங்கிகள் இருப்பதை விமானப் படங்களோடு எடுத்துக்காட்டிய பிரிட்டிஷ் உளவு அதிகாரி மேஜர் பிரையன் அர்க்கார்ட்டுக்கோ மருத்துவ விடுப்புதான் கிடைத்தது. அங்கே வான்வழியே இறங்கிய நேச நாட்டு வீரர்கள் ஏறத்தாழ 10,000 பேரில் ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் 2,500 பேருக்கும் குறைவு. அத்தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், தெரிந்திருந்த ஒன்று களத்தில் இறங்கியவர்களின் காதுக்கு எட்டாமல் போனதே என்னை இன்றும் வருத்துகிறது.

அந்தக் குழுத்தலைவர் கேள்வி கேட்ட அன்றைக்குப் பிறகு நான் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். களத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வரியிலும் எது உறுதியாகத் தெரிந்தது, எது எங்கள் ஊகம் என்று பிரித்து எழுதினேன். ரோந்துக்குப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, போன முறை அவர்கள் கொண்டுவந்தது எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து அதே குழுத்தலைவர், நான் கேட்காமலே, ஆற்றின் வளைவையும் ஆழமில்லாத இரண்டு இடங்களையும் பென்சிலால் வரைந்த ஒரு தாளை என் மேசைமீது வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.