ஒரு தொட்டி காட்டுப் புதினா

மார்ச் 8
தோழி ஒருத்தி ஈரத்துணியில் சுற்றி நாலு தண்டு கொடுத்தாள். ஓடைக்கரையில் பிடுங்கிய காட்டுப் புதினாவாம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மெந்தா ஆர்வென்சிஸ் என்று பெயர் வைத்தாரே, அதுதானா இது என்று எனக்குச் சந்தேகம். புதினா இனங்கள் கண்டபடி ஒன்றோடொன்று கலந்துவிடும், அதனால் இலையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தேன், நாலு பட்டை. இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. துளசிக் குடும்பம் என்பது வரை சரி.

மார்ச் 17
கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தியிருந்தேன். கணுக்களில் வெள்ளை வேர் வந்துவிட்டது. தொட்டிக்கு மாற்றியாயிற்று.

ஏப்ரல் 2
நேற்று தண்ணீர் ஊற்ற மறந்தேன், இன்று நாலும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. ஆற்றோரம், ஈரமான வயல், சதுப்பு விளிம்பு என்று வளர்ந்த சாதிக்குத் தாகம் தாங்காது. ஊற்றிய ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிட்டன. காலை வெயிலும் மதியத்துக்கு மேல் கொஞ்சம் நிழலும் கிடைக்கிற மூலைக்குத் தொட்டியை நகர்த்தினேன்.

ஏப்ரல் 28
இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிப்புள்ளிகள். துரு நோய்! பக்சீனியா மெந்தே என்ற பூஞ்சையின் வேலை. அழுகை வந்தாலும் எல்லாத் தண்டையும் மண்மட்டத்துக்கு வெட்டிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் அல்ல. இனி இலைமேல் தண்ணீர் தெளிப்பதில்லை, வேரில் மட்டும்தான்.

மே 20
மறுபடி தளிர்த்து ஒரு சாண் உயரம், இலைகள் சுத்தம். முதல் அறுவடையாக ஏழெட்டு இலையைக் கசக்கி வெந்நீரில் போட்டு மூடி வைத்துக் குடித்தேன். சூடான பானம்தான், ஆனால் தொண்டை ஜில்லென்கிறது. உடம்பு உண்மையில் குளிர்வதில்லை. குளிரை உணர்கிற நரம்புகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைப் புதினா எண்ணெயில் உள்ள மெந்தால் என்ற பொருள் தட்டி எழுப்புகிறது, மூளை ஏமாந்துபோகிறது. அந்த ஏற்பியைத் தனித்தனியாகக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். காட்டுப் புதினாவின் நெருங்கிய உறவான ஜப்பான் புதினாவின் எண்ணெயில் பெரும்பங்கு மெந்தால்தான், எண்ணெயைக் குளிரவைத்தாலே படிகமாக இறங்கிவிடும். தைலம், பற்பசை, இருமல் மிட்டாய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தால் தைலம் தடவக் கூடாது, மூச்சுத் திணறலாம். நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் புதினா சில சமயம் ஒத்துக்கொள்ளாது. எனக்கும் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு லேசாக எரிந்தது, பேராசை.

ஜூன் 14
தொட்டியைத் தூக்கினால் வரமாட்டேன் என்கிறது. அடித்துளை வழியாக நிலத்தடித் தண்டு வெளியே இறங்கி மண்ணில் வேர்விட்டிருக்கிறது. இழுத்தேன், பட்டென்று அறுந்தது. உள்ளே தங்கிய துண்டு சும்மா இருக்காது, ஒரு கணு போதும் அதற்கு. இதை நேராகத் தரையில் நடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

ஜூலை 6
பூத்துவிட்டது! நான்கு மாதச் சந்தேகம் தீர்ந்தது. சமையல் புதினாவில் பூக்கள் தண்டின் நுனியில் கதிராக நிற்கும். இதில் அப்படி இல்லை, ஒவ்வொரு ஜோடி இலையும் தண்டோடு சேரும் இடத்தில் வெளிர் ஊதாப் பூக்கள் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன, நுனியில் வெறும் இலைதான். இஞ்சிப் புதினா என்கிற கலப்பினமும் இப்படித்தான் பூக்கும் என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மகரந்தத் தாள்களும் பூவுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருந்தன, கலப்பினத்தில் அவை பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். தோழி சொன்னது சரிதான், அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கண்ணாடியைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், ஜூனில் அறுந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு புதுத் தளிர்.