கத்திரியில் ஒரு லிட்டர்

மே 7, செவ்வாய்
இந்த மாதத்துக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ என்று வாசகர் வட்டத்தில் முடிவாகிவிட்டது. சின்னப் புத்தகம், வெயில் காலம், சென்னை. வேறென்ன வேண்டும்! நானும் சரி என்று போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

மே 9, வியாழன்
அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். சிறுநீரகம் செய்யாததை மெஷின் செய்கிறது, உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுக்கிறது. எடை போகும்போது 61.4 கிலோ. வரும்போது 58.9.

மே 11, சனி
பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி அம்மா பேனாவால் கோடு போட்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் கணக்கு. இன்று காலை அப்பா வாய் கொப்பளிக்கப் போனவர் வரவே இல்லை. குழாய்ச் சத்தம் மட்டும். கொப்பளிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கதவைத் தட்டலாமா என்று நின்றேன். எழுபத்தொரு வயது மனிதரிடம் ‘விழுங்கினீங்களா’ என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அங்கே போய் நிறுத்தினால் 3.2 கிலோ கூடுதல். டெக்னீஷியன் தம்பி என்னைத்தான் பார்த்தான்.

மே 14, செவ்வாய்
நான்கு மணி நேரம், டயாலிசிஸ் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில். புத்தகத்தில் ஜமுனா குடத்தோடு அலைகிறாள். அட்டையைக் கையால் மறைத்துத்தான் வைத்திருந்தேன். “என்ன புக்கும்மா?” என்றார் அப்பா. சொன்னேன். சிரித்துவிட்டார். “நாங்க மாம்பலத்துல இருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பம்பு அடிப்போம். காத்துதான் வரும்.” அப்புறம் தூங்கிப்போனார். இடது கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தில், விரல் வைத்தேன். தோலுக்கடியில் மோட்டார் ஓடுகிற மாதிரி அதிர்கிறது.

மே 15
ஒரு ஐஸ் கட்டி. வாயில் கரைய ஆறு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 19, ஞாயிறு
முடித்துவிட்டேன். டீச்சரம்மா ஜமுனாவிடம் பேசும் இடத்தை மட்டும் மூன்று தடவை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அந்த டீச்சரம்மா மாதிரி வந்தால் தேவலை. நேற்று ஒரு மாமி வந்து, யாரோ வேர் கொடுக்கிறார்களாம், வீட்டில் வைத்தே சரியாகிவிடுமாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 26, ஞாயிறு
கூட்டத்துக்குப் போகவில்லை. தண்ணீர் அதில் ஒரு குறியீடு என்று அரை மணி நேரம் பேசினார்களாம். குறியீடு! ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வரட்டும்.

அடுத்து ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகம். யாருக்கு இவ்வளவு துணிச்சல் என்று தெரியவில்லை. எனக்கென்ன, அந்த ஸ்டூலில் வாரம் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.

மே 28, செவ்வாய்
கத்திரி இன்றோடு முடிகிறதாம். வேர்க்கிறது.

அப்பாவே கேட்டார் என்று முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது: ஆடிப்பெருக்கு, கரை ததும்பும் வீராணம் ஏரி, தண்ணீர் பாயும் கணவாய்கள், அதாவது மதகுகள், ஏரிக்கரை மேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன். அப்பா கண்ணை மூடியபடியே,
“ஏரிக்கு எத்தனை கணவாய்னு சொன்னே?”
“எழுபத்து நாலு.”
“அந்த இடத்தை இன்னொரு தடவை படி.”

மே 30, வியாழன்
62.1.