வலது மேல் மூலைப் பருந்து

எங்கள் புகைப்பட நண்பர் வட்டத்தில் ஒரு படத்தைத் திரையில் போட்டதும் எழும் முதல் கேள்வி "என்ன லென்ஸ்?" என்பதுதான். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பிறகு. பெரும்பாலும் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. லென்ஸ் தெரிந்ததும் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை), அபெர்ச்சர் தெரிந்ததும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), ஐஎஸ்ஓ தெரிந்ததும் "இந்த வெளிச்சத்தில் இவ்வளவு ஏன் ஏற்றினீர்கள்?" என்று ஒரு குறுக்கு விசாரணை. படத்தில் இருக்கும் குழந்தை சிரிக்கிறதா அழுகிறதா என்று ஒருவரும் கவனிக்காமலே அடுத்த படம் வந்துவிடும்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், பட்டப்பெயரே போதும், எங்களுக்குள்ளும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

பிரைம் அண்ணன், ஜூம் லென்ஸைத் தொட்டால் கை கழுவுகிறவர். கையில் எப்போதும் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாத பிரைம் லென்ஸ், 50 எம்எம், எஃப் 1.4. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்துத்தான் எடுப்பார். அவர் எடுக்கும் முகங்களில் ஒரு கண் கூர்மையாக இருக்கும், மற்றக் கண் மங்கியிருக்கும், காது இருப்பதாக நாமே நம்பிக்கொள்ள வேண்டும். "எஃப் 1.8-க்கும் 1.4-க்கும் அப்படி என்ன அண்ணா வித்தியாசம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் ஒரு படியில், மூன்றில் இரண்டு பங்கு. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது.

அவருக்கு நேர் எதிர்த்துருவம் இருபத்திரண்டு சார். காலடிப் புல்லிலிருந்து கடைசி மலை வரை எல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே எதை எடுத்தாலும் எஃப் 22. அபெர்ச்சரைச் சுருக்கச் சுருக்கத் தெளிவின் ஆழம் கூடும் என்று எங்கோ படித்திருக்கிறார். ஓர் எல்லைக்கு மேல் சுருக்கினால் அந்தச் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து படம் முழுவதையுமே சற்று மந்தமாக்கிவிடும் என்ற அடுத்த பத்தி வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஃபிலிம் ஐயாவுக்கு டிஜிட்டல் என்பது இன்னும் வந்து போகிற காய்ச்சல்தான். நிக்கானின் எஃப் மவுண்ட் என்ற லென்ஸ் பொருத்தி 1959-இல் வந்தது என்பதைத் தம் திருமண ஆண்டைவிடத் தயங்காமல் சொல்வார். இவர்களோடு ஒரு கணக்குத் தம்பி. யார் என்ன லென்ஸ் சொன்னாலும், கேமராவுக்குள் படம் விழும் சென்சார் சிறியதென்று உடனே 1.5 ஆல் பெருக்குவான், கேனான் என்றால் 1.6. அப்புறம் பறவை அக்கா. வானத்தில் எது நகர்ந்தாலும் பெயர் சொல்லிவிடுவார். விமானத்துக்கும் சொல்லியிருப்பார், சத்தம் மட்டும் காட்டிக்கொடுக்காவிட்டால்.

ஏரிக்கரையில் சூரிய உதயம் எடுத்துவிட்டு வந்த வாரம், பிரைம் அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லோருடைய படங்களையும் போட்டுப் பார்த்தோம். எல்லாப் படங்களும் வழக்கமான விசாரணைக்குப் பிறகு வழக்கம்போல் மறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அப்போது இருபத்திரண்டு சாரின் படம் வந்தது. பனிமூட்டம், அசையாத நீர், மலை விளிம்பில் நட்சத்திரமாய்க் கதிர் பிரிந்த சூரியன். அந்த நட்சத்திரம் எஃப் 22-இன் கொடை. அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. வலது மேல் மூலையில், வெளிறிய வானத்தில், ஒற்றைக் கரும்புள்ளி.

"பருந்து!" என்றார் பறவை அக்கா.

எனக்குத் தெரிந்து, லென்ஸைக் கேட்காமல் படத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எங்கள் வட்டத்தில் ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டு சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அது வருவதற்காகத்தான் காத்திருந்தேன்" என்றார். பிரைம் அண்ணன்கூட மனமிரங்கி, "அந்தப் பறவை இல்லாவிட்டால் வலது பக்கம் வெறிச்சென்று இருந்திருக்கும். சரியான இடத்தில் நிற்கிறது" என்றார். ஃபிலிம் ஐயா தலையை ஆட்டினார். படத்துக்கு 'தனிமை' என்று தலைப்பு வைக்கலாமா, 'விடியலின் விருந்தாளி' என்று வைக்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

கரும்பருந்தா வேறு ஏதாவதா என்ற சர்ச்சைதான் வம்பை இழுத்துவந்தது. உழவாரனாகவும் இருக்கலாம், தகைவிலானாகவும் இருக்கலாம் என்று யாரோ இழுக்க, "இருங்கள், கணக்குப் போட்டுவிடலாம்" என்று தம்பி எழுந்தான். 24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம், அதாவது முழு அளவு சென்சார். 36 மில்லிமீட்டர் அகலத்தில் 6000 பிக்சல். ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். திரையருகே போய் எண்ணினான். புள்ளி 20 பிக்சல் அகலம். அதாவது சென்சாரில் 0.12 மில்லிமீட்டர். எடுத்தது 24 எம்எம் லென்ஸில். கரும்பருந்தின் இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டர் என்று அக்கா சொன்னார். "அப்படியானால் பறவை 300 மீட்டர் தூரத்தில் இருந்திருக்கிறது. மிகச் சரியாகப் பொருந்துகிறது. கரும்பருந்துதான்." கைதட்டினோம். அறிவியல் முறைப்படி நிரூபிக்கப்பட்ட பருந்து அது.

"இதோ, இன்னும் நெருக்கமாகவே இருக்கிறது" என்று இருபத்திரண்டு சார் அடுத்த படத்தைப் போட்டார். அதே ஏரி, அதே மலை விளிம்பு. இம்முறை 400 எம்எம். சூரியன் உருண்டையாக, பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில் நின்றது. வலது மேல் மூலையில் பருந்து.

"இதிலும் நிற்கிறதே!" என்று அக்கா மகிழ்ந்தார். தம்பி மட்டும் உட்காரவில்லை. மறுபடி திரையருகே போனான். மறுபடி எண்ணினான். 20 பிக்சல்.

சூரியனின் பிம்பம் சென்சாரில் ஏறக்குறைய லென்ஸின் குவிய நீளத்தின் (24, 400 என்ற அந்த எம்எம் எண்) நூற்றுப்பத்தில் ஒரு பங்குக்கு விழும். முதல் படத்தில் 0.2 மில்லிமீட்டராக இருந்த சூரியன் இரண்டாவதில் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்தது. பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சூரியனே வளர்ந்தபோது பருந்து மட்டும் வளரவில்லை.

"400 எம்எம்மில் இந்த அளவுக்குத் தெரிய வேண்டுமானால் பருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்" என்றான் தம்பி, கொஞ்சம் குரல் கம்மி.

"பறந்து போயிருக்கும்" என்றார் இருபத்திரண்டு சார். பறவைதானே.

படத்தோடு பதிவாகும் எக்ஸிஃப் விவரத்தைத் திறந்தார்கள். முதல் படம் 6:12. இரண்டாவது 6:14. இரண்டு நிமிடத்தில் 4.7 கிலோமீட்டர், மணிக்கு 141 கிலோமீட்டர் வேகம். அதுவும் படத்தின் மூலையை விட்டு இம்மியும் பிசகாமல், நேர்கோட்டில் பின்வாங்கியபடி.

"அப்படியானால் வல்லூறு" என்றார் அக்கா, விட்டுக்கொடுக்காமல். "பொரி வல்லூறு இரைமீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்."

"அது கீழ்நோக்கிப் பாயும்போது அக்கா. இது மேலே நிற்கிறது."

அறையில் கட்சி பிரிந்தது. வல்லூறுக் கட்சி, இரண்டு-பருந்துக் கட்சி, கேமரா நேரம் தவறு என்கிற கட்சி. ஃபிலிம் ஐயா மட்டும் எதிலும் சேராமல், "அடுத்த படத்தைப் போடுங்கள்" என்றார்.

அடுத்த படம் ஏரி அல்ல. புதிதாக வாங்கிய ஃப்ளாஷைச் சோதிப்பதற்காக இருபத்திரண்டு சார் தம் வீட்டு வரவேற்பறையில் எடுத்தது. எஃப் 22. ஒரு நாற்காலி, பின்னால் வெள்ளைச் சுவர்.

சுவரின் வலது மேல் மூலையில் பருந்து.

சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது. அதற்குள் ஐயா தம் கட்சியின் கொள்கை விளக்கக் கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். "ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய இடம். தூசி விழுந்தாலும் அந்தப் படத்தோடு நகர்ந்து போய்விடும். உங்களுடைய சென்சார் அப்படியா? ஆயுள் முழுக்க ஒரே ஜன்னல்." பிரைம் அண்ணன் விடவில்லை. ஃபிலிம் சுருளின் வாயில் ஒரு மணல் துகள் சிக்கினால் 36 படத்துக்கும் ஒரே நீளக் கோடு விழுமே, அது எந்த ஊர் நியாயம் என்றார். ஐயாவுக்குக் கோடு விழுந்த அனுபவம் நிறைய உண்டு போலிருக்கிறது, தண்ணீர் கேட்டார்.

நியாயமாக, இதில் இருபத்திரண்டு சாரைவிட அவருடைய எஃப் எண்ணுக்குத்தான் பங்கு அதிகம். தூசி சென்சாரின் மேலேயே உட்காருவதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் மெல்லிய கண்ணாடியின் மீது உட்காருகிறது. அபெர்ச்சர் அகலமாகத் திறந்திருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். துளை சுருங்கினால் ஒளி ஒரே திசையிலிருந்து வருகிறது, நிழல் அழுத்தமாக விழுகிறது. நீளமான டியூப் லைட்டின் கீழ் மங்கலாக விழும் விரல் நிழல், சின்ன டார்ச்சின் முன்னால் கூர்மையாகிவிடுகிறதே, அதேதான். லென்ஸை மாற்றினாலும் தூசி இடம் மாறாது. அதனால்தான் பருந்து 24-இலிருந்து 400 வரை விசுவாசமாகக் கூடவே வந்தது. காற்றடிக்கும் ஏரிக்கரையில், சென்சாரை மறைக்க உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் வாயை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு அவர் லென்ஸ் மாற்றியதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருவரும் சொல்லவில்லை, அப்போது லென்ஸ் பட்டையின் நிறத்தைப் பற்றி முக்கியமான விவாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து அறுவை சிகிச்சை. கேமரா மேசைமேல் வந்தது. சுற்றிலும் தலைகள். மெனுவில் சென்சாரை உதறித் தூசி தட்டும் வசதி இருக்கிறது என்று தம்பி கண்டுபிடித்தான். 2003-இல் ஒலிம்பஸின் இ-1 கேமராவோடு வந்த யோசனை அது. இன்று பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. இருபத்திரண்டு சார் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. உதறிப் பார்த்தோம். பருந்து உட்கார்ந்த கிளையை விடவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்கள்" என்று சார் கேமராவைத் தூக்கி, கன்னத்தை உப்பி, வாயால் ஊதப் போனார். அறையே ஒரே குரலில் அலறியது. தூசியை ஊதப் போய் எச்சில் தெறித்தால் ஒரு பருந்துக்கு ஒரு கூட்டமே வந்துவிடும். ரப்பர் ஊதுகுழல் கொண்டுவரப்பட்டது. கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால்தான் கிளம்பிய தூசி மறுபடி உள்ளேயே விழாது என்றேன். அதற்குள் இன்னொரு தகராறு: தூசி எந்த மூலையில்? படத்தில் வலது மேல் என்றால் சென்சாரிலும் வலது மேல்தான் என்றார் சார். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாக்குவதால் இடது கீழ் என்றார் ஐயா. இருவருக்கும் பாதி பாதி சரி. லென்ஸைக் கழற்றிவிட்டு முன்பக்கமாகப் பார்க்கும்போது, தலைகீழ் மட்டும் மிஞ்சும். இட வலம் நாம் எதிரே நிற்பதால் நேராகிவிடும். டார்ச் அடித்தோம். வலது கீழ் மூலையில் நூல் பிரிபோல ஏதோ ஒன்று, இமைமயிரின் நுனியளவுகூட இராது. இதற்குத்தான் இரண்டு தலைப்புகள் யோசித்தோம். குழலை அழுத்த, அழுத்த, மூன்றாவது அழுத்தலிலோ என்னவோ, போயிற்று.

அன்று அதிகம் சிரித்தவர் பிரைம் அண்ணன். "என் படத்தில் ஒரு தூசியைக் காட்டுங்கள் பார்க்கலாம்" என்று சவால் வேறு விட்டார். தம்பி பதில் பேசவில்லை. அண்ணனின் கேமராவை எடுத்து, பிறந்ததிலிருந்து 1.4-ஐ விட்டு நகராத அபெர்ச்சரை அதன் கடைசி எண்ணான எஃப் 16 வரை சுருக்கி, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துத் திரையில் போட்டான்.

பறவைகள் சரணாலயம்.

அண்ணன் எழுந்துபோய்த் தொலைக்காட்சியைத் துணியால் துடைத்தார். புள்ளிகள் போகவில்லை. பறவை அக்கா பரிவோடு இரண்டு மூன்றுக்குப் பெயர் வைத்தார். மற்றவர்கள் அவரவர் பையை மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். வீட்டில் வேலை இருப்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. என் கேமராவைப் பற்றி இங்கே பேச்சில்லை.

சில வாரம் கழித்து மறுபடி அதே ஏரி. இருபத்திரண்டு சார் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது, எஃப் 20-க்கு இறங்கியிருந்தார். ஆனால் பயம் பிடித்திருந்தது. லென்ஸை மாற்றும்போது காருக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு மாற்றினார். திரும்பிவந்து, எடுத்ததை அங்கேயே கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். மூட்டம், நீர், மலை, சூரியன். இடது மேலே ஒரு புள்ளி.

"தூசி!" என்றோம், ஒரே குரலில். பறவை அக்காவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

சார் ஒன்றும் சொல்லாமல் அன்றிரவே அதை அழித்துவிட்டு, வானத்தைத் துடைத்துச் சுத்தமாக்கிய படத்தைத்தான் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஜேபெக் மட்டும் எடுக்கிறவர். மூலப்படத்தின் மேலேயே சேமித்திருந்தார். வானம் பளிச்சென்று இருந்தது. வலது பக்கமும் வெறிச்சென்று, இடது பக்கமும் வெறிச்சென்று. பிரைம் அண்ணன் மட்டும் ஏதோ குறைகிறது என்றார்.

அடுத்தடுத்து எடுத்த படங்களையும் பார்த்துவிடலாம் என்று தம்பி பொத்தானை அழுத்தினான். அடுத்த படத்தில் அந்தத் தூசி சிறகை மடக்கியிருந்தது.