ஸ்போர்ட்டி கார், டொரண்டோ பனி, கையைக் கடிக்காத டயர்: நான் தேர்ந்தெடுத்த விதம்

டொரண்டோவில் சின்னதாக, கொஞ்சம் வேகமாக ஒரு கார் வைத்திருக்கும் நண்பர்கள் அக்டோபர் வந்ததும் என்னிடம் கேட்பது இதுதான்: "ஒரே செட் டயரில் வருடம் முழுக்க ஓட்ட முடியுமா, அதுவும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கொட்டாமல்?" முடியும். ஆனால் எந்த டயர் என்பதில் ரொம்பக் கவனம் வேண்டும், ஏனென்றால் கடையில் 'ஆல் சீசன்' என்று பெயர் போட்டு விற்பதில் பாதிக்கு மேல் கனடாவின் குளிர்காலத்தைக் கணக்கில் எடுத்தே செய்யப்பட்டவை அல்ல.

என்னுடையது 2018 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, செகண்ட் ஹேண்ட். முன்சக்கர இழுவை, டர்போ எஞ்சின், 18 அங்குல வீல், அதில் 225/40 அளவில் (225 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் எனும் பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம்) சம்மர் டயர். கோடையில் அந்த டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற பிடி இருக்கிறதே, அதற்காகவே இந்தக் காரை வாங்கலாம். ஆனால் 7 டிகிரிக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும். மைனஸ் 7 அளவுக்குப் போனால் ட்ரெட்டில், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் பகுதியில், வெடிப்பு விழலாம், வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. ஆக, மாற்றியே ஆக வேண்டும்.

இங்கே பலரும் செய்வது தனியாக ஒரு செட் விண்டர் டயர். பாதுகாப்பு என்று பார்த்தால் அதை மிஞ்ச எதுவும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிரச்சினை இடம். நான் இருப்பது கண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், அடித்தளத்தில் ஒரு பார்க்கிங், ஒரு அலமாரி அளவுக்கு லாக்கர், அவ்வளவுதான். நாலு டயரை யாரிடமாவது காசு கொடுத்து வைக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றக் கூலி, நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம் கடைகளில் அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைச்சல். நான் பெரும்பாலும் ஓட்டுவது நகரத்துக்குள், எப்போதாவது 400 நெடுஞ்சாலையில் பேரி பக்கம், வருடத்தில் ஓரிரு முறை மாண்ட்ரியல். பனி வழிக்கும் வண்டியும் உப்பு லாரியும் விடாமல் ஓடுகிற சாலைகள் இவை. அதனால் ஒரே செட் என்று முடிவு செய்தேன்.

முதலில் போன கடையில் கவுண்டரில் இருந்தவர் ஒரு டயரைக் காட்டி, சைடுவாலில் 'எம் பிளஸ் எஸ்' என்று போட்டிருக்கிறது, மட் அண்ட் ஸ்னோ, போதும் என்றார். விலையும் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு வாங்காமல் வந்து, ஸ்கார்பரோவில் நான் வழக்கமாக ஆயில் மாற்றும் கராஜில் கேட்டேன். அங்கிருக்கும் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊர்ப் பனியில் வண்டி பார்த்தே தலை நரைத்தவர். "தம்பி, உந்த எழுத்தைப் பார்த்து எடுக்காதையுங்கோ. பக்கத்தில மலைப் படம் இருக்கோ எண்டு பாருங்கோ. அது இல்லையெண்டா ஸ்னோவுக்கு உந்த ரயர் சரிவராது" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே சரி. எம் பிளஸ் எஸ் என்பது ட்ரெட்டில் பள்ளங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வைத்துப் போடும் குறி. பனியில் ஓட்டிப் பார்த்துத் தேற வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள், இந்தச் சின்னம்தான் பரிசோதனையில் தேறியது என்பதற்கு அடையாளம். 1999-இல் அமெரிக்க, கனடிய டயர்த் தயாரிப்பாளர் சங்கங்கள் கொண்டுவந்தது இது. இறுகிய பனியில், ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் ஒரு பொது டயரைவிடச் சுமார் 10 சதவீதமாவது கூடுதல் இழுவை காட்டினால்தான் சின்னம் கிடைக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிவான கார்களுக்கு விண்டர் டயர் கட்டாயம். 2014 டிசம்பர் முதல் வெறும் எம் பிளஸ் எஸ் அங்கே செல்லாது, மலைச் சின்னம் வேண்டும். ஒன்டாரியோவில் அப்படிச் சட்டம் இல்லை, அதனால்தான் இங்கே கடைக்காரர் எதையும் நீட்ட முடிகிறது.

மலைச் சின்னம் உள்ள, வருடம் முழுக்க ஓட்டக்கூடிய டயரை இங்கே 'ஆல் வெதர்' என்று தனியாகச் சொல்வார்கள். கடையில் கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் சின்னத்தோடு நின்றுவிடவும் கூடாது. அந்தப் பரிசோதனை பார்ப்பது பனியில் வண்டி முன்னே இழுத்துப் போகிறதா என்பதை மட்டும்தான். பிரேக் போட்டால் எங்கே நிற்கும், வளைவில் பிடிக்குமா, ஐஸில் என்ன ஆகும், எதையும் அது பார்ப்பதில்லை. எனக்குக் கிளம்புவதைவிட நிற்பதுதான் முக்கியம். அதனால் பட்டியலில் வந்த ஒவ்வொரு டயருக்கும் பனியில் பிரேக் தூரம், குளிர்ந்த ஈரச் சாலையில் பிரேக் தூரம், இந்த இரண்டையும் அளந்து போட்ட ஒப்பீட்டுப் பரிசோதனைகளைத் தேடி எடுத்து வைத்தேன். டொரண்டோவில் வெள்ளையாகப் பனி கிடக்கும் நாட்களைவிட, 2 டிகிரி மழையும் உப்புச் சேறும் கலந்த நாட்கள்தான் அதிகம், குளிர்ந்த ஈரச் சாலையின் கணக்கை யாரும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்போர்ட்டி கார்க்காரர்கள் எல்லாரும் முதலில் போய் விழுவது அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் வகையில். கான்டினென்டல் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ், மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 மாதிரி. அருமையான டயர்கள். டிடபிள்யூஎஸ்ஸில் ஒரு நல்ல விஷயம், ட்ரெட்டிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று எழுத்து வெட்டியிருப்பார்கள், வறண்ட சாலை, ஈரம், பனி என்று பொருள். தேயத் தேய எஸ் மறைந்துவிட்டால் அந்த டயருக்குப் பனி வாழ்க்கை முடிந்தது. ஆனால் நான் பார்த்த வரை இரண்டிலும் மலைச் சின்னம் இல்லை. வருடத்தில் நாலைந்து முறை லேசாகப் பனி விழும் ஊரில் இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் வாங்குவேன். ஜார்ஜியன் பே பக்கமிருந்து திடீரென்று கண்ணை மறைக்கும் பனிப்புயல் வரும் 400-இல் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன்.

இனி பணத்தை உண்மையில் மிச்சப்படுத்திய இடத்துக்கு வருகிறேன். அளவு. 18 அங்குலத்தில் 40 சீரிஸ் டயர் என்றாலே விலை ஏறிவிடும், ஆல் வெதர் வகையில் மாடலும் குறைவு. அப்புறம் சைடுவால் அவ்வளவு ஒல்லி, மார்ச்சில் பனி உருகி ரோடு பள்ளம் பள்ளமாகும்போது வீலே அடி வாங்கும். ஐரோப்பாவில் இதே ஜிடிஐ 225/45 அளவில் 17 அங்குல வீலோடும் விற்பனையானது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 225/40 18 அங்குல டயரின் மொத்த விட்டம் 637 மில்லிமீட்டர், 225/45 17 அங்குலத்துக்கு 634. அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, ஸ்பீடாமீட்டர் மாறாது. விலையோ, ஒரே டயர் மாடலுக்கு எனக்குக் கிடைத்த கொட்டேஷனில் டயருக்கு 60, 70 டாலர் இறங்கியது.

ஒரு எச்சரிக்கை. சில ஜிடிஐகளில் பெரிய பிரேக், 340 மில்லிமீட்டர் டிஸ்க் இருக்கும். அதன் மேல் எல்லா 17 அங்குல வீலும் ஏறாது, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கும். என்னுடையதில் சின்ன பிரேக். அப்படியும் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் சொல்லி ஒரு வீலை முன்பக்கம் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். அது கோல்ஃபிலிருந்து கழற்றிய ஒரிஜினல் அலாய், நாலும் சேர்த்து 300 டாலர், ஒன்றில் மட்டும் ஓரத்தில் நடைபாதைக் கல்லில் உரசிய கீறல். ஒரிஜினலாக வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் வீல் போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளிக்கம்பெனி வீல்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும். ஒரிஜினல் வீல் என்பதால் என் பழைய போல்ட்டையே போட முடிந்தது. நடுத்துளை 57.1 மில்லிமீட்டர், அதுவும் அப்படியே பொருந்தியது, வளையம் எதுவும் தேவைப்படவில்லை.

டயரில் கடைசியாக மூன்று நின்றன. மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ் 2, விரெடெஸ்டைன் குவாட்ராக் ப்ரோ. மூன்றிலும் மலைச் சின்னம் உண்டு. பனிப் பிரேக்கில் கிராஸ்கிளைமேட் 2 அபாரம், 60,000 மைல் தேய்மான உத்தரவாதமும் தருகிறார்கள், ஆனால் என் பட்ஜெட்டைத் தாண்டிப் போனது. ஸ்டியரிங் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி இருக்கிறது என்று ஜிடிஐ வைத்திருக்கும் இரண்டு நண்பர்களும் சொன்னார்கள். டோயோ விலை குறைவு, அமைதியான குடும்பக் காருக்கு நல்ல தேர்வு. விரெடெஸ்டைன் நெதர்லாந்து கம்பெனி, 2009-இல் நம்ம அப்போலோ டயர்ஸ் வாங்கியது. ஆமாம், ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அதே அப்போலோதான். அதற்காக மட்டும் வாங்கவில்லை, ஆனால் தெரிந்தபோது மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. குவாட்ராக் ப்ரோ கொஞ்சம் வேகமான கார்களை மனதில் வைத்துச் செய்த ஆல் வெதர், ஸ்டியரிங் உணர்வு மூன்றிலும் இதில்தான் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, விலையும் நடுவில் நின்றது. அதையே எடுத்தேன்.

ஆர்டர் கொடுக்கும்போது பார்க்க வேண்டியவை சில. லோட் இண்டெக்ஸ் பழைய டயருக்குக் குறையக் கூடாது; என் பழையதில் 92, அதாவது ஒரு டயர் 630 கிலோ தாங்கும், புதிதில் 94, 670 கிலோ. வேக எழுத்தில் எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. இந்த ஊரில் யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை என்றாலும், எழுத்து மேலே போகப் போகப் பொதுவாக டயரின் உடலும் உறுதியாக இருக்கும், ஸ்போர்ட்டி காருக்கு வி-க்குக் கீழே வேண்டாம் என்பது என் கருத்து. டயர் வந்ததும் சைடுவாலில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம் செய்தது. ஒரு கடை மலிவாகத் தந்ததற்குக் காரணம் அங்கேதான் எழுதியிருந்தது, மூன்று வருடத்துக்கு மேல் கோடவுனில் கிடந்த சரக்கு. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

விலை கேட்கும்போது டயர் விலையை மட்டும் கேட்காதீர்கள். பொருத்துக் கூலி, பேலன்சிங், வால்வு, சுற்றுச்சூழல் கட்டணம், அதன் மேல் 13 சதவீத வரி, எல்லாம் சேர்த்து "கதவைத் தாண்டி வெளியே வரும்போது எவ்வளவு" என்று கேளுங்கள். எனக்கு ஆயிரம் டாலருக்குச் சற்றே குறைவாக முடிந்தது. இந்தத் தலைமுறை கோல்ஃப், சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் காற்று குறைவதைக் கண்டுபிடிக்கிறது, வீலுக்குள் சென்சார் இல்லை, அதனால் அந்தச் செலவும் இல்லை. மெனுவில் போய் ரீசெட் செய்தால் போதும். பழைய 18 அங்குல வீல்களைச் சம்மர் டயரோடு ஒரு நண்பர் வீட்டு கராஜில் போட்டுவைத்து ஏப்ரலில் விற்றேன், 600 டாலர் வந்தது. அக்டோபரில் விற்றிருந்தால் பாதிக்குக் கேட்டிருப்பார்கள்.

இன்ஷூரன்ஸுக்கும் ஒரு போன் போடுங்கள். 2016 முதல் ஒன்டாரியோவில் எல்லாக் கம்பெனியும் விண்டர் டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். மலைச் சின்னம் உள்ள ஆல் வெதரை எல்லாரும் அதில் சேர்ப்பதில்லை. என் கம்பெனி சேர்த்துக்கொண்டது, ரசீதை மட்டும் அனுப்பச் சொன்னார்கள்.

மாட்டிய பிறகு கராஜ் அண்ணன், "நூறு கிலோமீட்டர் ஓடிட்டு வாங்கோ, போல்ட் ஒருக்கா இறுக்கிப் பாப்பம்" என்றார். கட்டாயம் போங்கள். என் காருக்குப் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர்.

முதல் பெரிய பனி விழுந்த இரவு, ஒரு காலி பார்க்கிங்கில் போய் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதித்துப் பார்த்தேன். ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடவென்று அடித்தது, வண்டி நேர்கோட்டில் நின்றது, ஆனால் நான் நினைத்ததைவிட ஒரு கார் நீளம் தள்ளி நின்றது. அந்த ஒரு கார் நீளத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளத்தான் போனேன். புது டயர் மாட்டும் எல்லாரையும் இதைச் செய்யச் சொல்வேன். நாலைந்து அங்குலப் பனியில் ஏற்றம் ஏறுகிறது, சேற்றுப் பனியில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கிறது. ஐஸில் மட்டும் உண்மையான விண்டர் டயருக்குப் பக்கத்தில்கூட வராது. உறைமழை எச்சரிக்கை வந்தால் நான் வண்டியை எடுப்பதில்லை.

கண்டோவில் இருப்பவர்களுக்கு ஒன்று. அடித்தளம் 15 டிகிரியில் கதகதப்பாக இருக்கும், வெளியே மைனஸ் 15. ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பது கணக்கு. கீழே சரியாக அடித்த காற்று வெளியே போனதும் ஐந்து பிஎஸ்ஐ குறைந்துவிடும். நாலு டயரிலும் ஒன்றாகக் குறைவதால் என் கார் மாதிரியான அமைப்பு அதை லேசில் சொல்லாது. கடும் குளிர் மாதங்களில் உள்ளே அடிக்கும்போதே மூன்று நாலு பிஎஸ்ஐ கூட்டி வைக்கிறேன்.

கோடையில் சம்மர் டயரின் கூர்மை போய்விட்டது, 30 டிகிரி வெயிலில் வளைவில் கொஞ்சம் அழுத்தினால் முனகுகிறது. ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்குப் போகிறவர்களுக்கு இது ஆகாது. அதேபோல் சட்பரி, டிம்மின்ஸ் மாதிரி வடக்கே இருப்பவர்களும், பனி வழிக்காத கிராமச் சாலையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களும் இடம் இல்லாவிட்டாலும் கடன் வாங்கியாவது தனி விண்டர் செட் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மலைச் சின்னத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, பத்து டாலருக்குள் கிடைக்கும் ட்ரெட் ஆழமானி ஒன்றையும் சேர்த்து வாங்கிவையுங்கள். சட்டப்படி சுமார் 1.5 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், ஆனால் பனிக்கு 4 மில்லிமீட்டர்தான் எல்லை. செப்டம்பரில் ஒரு தடவை நாலு டயரையும் அளந்து பாருங்கள், குறைந்திருந்தால் கூட்டம் சேருவதற்கு முன் ஆர்டர் கொடுத்துவிடலாம்.