வாசலில் நின்ற சோதனை

பைத்தானில் எழுதப்பட்ட பழைய பில்லிங் நிரலுக்கு வகைக்குறிப்புகள் (ஒரு மதிப்பு எண்ணா, எழுத்தா, பட்டியலா என்று சொல்லும் குறிப்புகள்) சேர்க்கும் வேலை என்னிடம் வந்தபோது, அதனால் வேகம் குறையும் என்று நான் நினைக்கவே இல்லை. 2015-இல் வந்த பைத்தான் 3.5 முதல் முறைப்படி புழங்கும் இந்தக் குறிப்புகளை, நிரல் ஓடும்போது பைத்தான் சரிபார்ப்பதில்லை. மைபை போன்ற கருவிதான் முன்கூட்டியே படித்துப் பிழை காட்டும். ஆனால் குறிப்பே இல்லாத பழைய பகுதிகளிலிருந்து தவறான மதிப்பு நுழைந்துவிடுமோ என்று அஞ்சி, வருவதையெல்லாம் ஃபங்ஷனின் வாசலிலேயே சோதிக்கும் டெக்கரேட்டர் (ஃபங்ஷனைச் சுற்றிப் பொருத்தும் சிறு நிரல்) ஒன்றை எழுதி எல்லா இடத்திலும் பொருத்தினேன். அன்று இரவு தொடங்கிய கணக்கு முடிப்பு, விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரில் பார்த்தால், நேரத்தைத் தின்றது கணக்கு அல்ல, என் சோதனை. விலைப்பட்டியலை வாங்கி ஒரு பொருளின் விலையை மட்டும் சொல்லும் சிறிய ஃபங்ஷன், லூப்புக்குள்ளிருந்து அழைக்கப்பட்டது. ஒவ்வொரு அழைப்பிலும் பட்டியலின் ஒவ்வொரு பொருளையும் என் டெக்கரேட்டர் சோதித்தது. பட்டியலில் 10,000 பொருள்கள் இருந்து லூப்பும் 10,000 முறை சுற்றினால், துளியும் மாறாத அதே பட்டியலின் மீது 10 கோடிச் சோதனைகள் நடக்கும்.

குறிப்புகளை நீக்கிவிடலாம் என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். நான் நீக்காமல், இன்னும் கூடுதலாக எழுதினேன். லூப் இருந்த பழைய பகுதிக்கும் குறிப்பெழுதியதும், இரண்டுக்கும் இடையிலான அழைப்பை மைபையே உறுதி செய்தது. கோப்பைப் படிக்கும் இடத்தில் ஒரே ஒருமுறை சோதித்தால் போதும் என்றானது.

வகை எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் கலந்து ஓடக்கூடிய டைப்டு ராக்கெட் மொழியின் வேகத்தை அளந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை அதன் பிறகுதான் படித்தேன். ஒரு நிரலில் n தொகுதிகள் இருந்தால், எவற்றுக்கு வகை எழுதுவது என்பதில் 2ⁿ கலவைகள் உண்டு. பாதி எழுதப்பட்ட கலவைகளில் சில 100 மடங்குக்கும் மேல் மெதுவாக ஓடியிருந்தன. வகை எழுதிய தொகுதிக்கும் எழுதாததற்கும் இடையிலான எல்லையைத் தாண்டும் ஃபங்ஷன்களுக்கு அங்கே சோதனை உறை போடுவார்கள்; உறைமேல் உறை ஏறுவதும் உண்டு. பைத்தானின் ஆய்வு வடிவமான ரெட்டிகுலேட்டட் பைத்தானின் 'டிரான்சியன்ட்' முறை உறையே போடாமல், வந்தது லிஸ்டா என்று மட்டும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, உள்ளிருப்பதை எடுக்கும்போது சோதிக்கும். செலவு குறைவுதான், ஆனால் பிழை புகுந்த இடம் ஒன்று, வெளிப்படும் இடம் வேறொன்று. பணம் புரளும் நிரலில் எனக்கு அது ஒத்துவராது.

வெளியாரின் வரி லைப்ரரியை அழைக்கும் ஓரிடத்தில் மட்டும் என் பழைய டெக்கரேட்டர் இன்னும் இருக்கிறது. அந்த லைப்ரரியில் ஒரு குறிப்புகூட இல்லை.