டெக்சாஸில் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் நம்மவர்களுக்கு

துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று நம்மவர்கள் யாராவது கேட்டால், "உங்கள் விசா என்ன?" என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் இங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. சுடும் பயிற்சிக் கூடமான ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். சனிக்கிழமை நண்பர்களோடு போய்ச் சுட்டுவிட்டுப் படம் போடுகிற பல பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால், டெக்சாஸில் குடிமக்கள் வாங்குவது போலவே நாமும் வாங்கலாம்.

எங்களுக்கு ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை. என் வீட்டுக்காரர் வேறு வேலைக்குப் போகிறவர் என்பதால் பெரும்பாலும் நான்தான் இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு, அன்றைய பணத்தோடு காருக்கு நடப்பேன். அதே வரிசையில் இன்னொரு கடையில் துப்பாக்கியைக் காட்டிப் பணம் பறித்துப் போன பிறகு, நானும் ஒன்று வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அவருக்கு மனசே இல்லை. "ஏங்க, போலீஸ் வர்ற வரைக்கும் என்ன பண்றது?" என்றேன். "பணத்தைக் கொடுத்துட்டு வந்துடு, அதுதான் பண்ணணும்" என்றார். அவர் சொன்னது சரி. பணத்துக்காக நான் இன்றைக்கும் துப்பாக்கியை எடுக்க மாட்டேன். பணத்தைக் கொடுத்த பிறகும் விடாதவன் வந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் வாங்கினேன்.

ஊரில் நான் பக்கத்தில் பார்த்த துப்பாக்கி, வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்கியது மட்டும்தான். அங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மனுப் போட்டு, போலீஸ் விசாரணை முடிந்து, ஏன் தேவை என்று காரணம் காட்டி உரிமம் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கே பெரும்பாலோர் வாங்குகிற 9 மி.மீ. பிஸ்டல் அங்கே தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அப்படியொரு ஊரிலிருந்து வந்தவளுக்கு, தூண்டிலும் கூடாரமும் விற்கிற கடையின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் பிஸ்டல்களை விலைச் சீட்டோடு அடுக்கியிருப்பதைப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

வாங்கும் முறை சுருக்கமானதுதான். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், மாநில அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தில் எந்த நாட்டுக் குடியுரிமை என்பதையும் கிரீன் கார்டு எண்ணையும் எழுதுகிறோம். உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்றும் அதில் ஒரு கேள்வி இருக்கும். விசா காரணமாக வாங்க முடியாத மச்சானுக்காக அவன் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு "ஆமாம்" என்று எழுதினால், அது சிறைக்குப் போகிற குற்றம். கடைக்காரர் விவரங்களை எஃப்.பி.ஐ.யின் நிக்ஸ் என்கிற பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 'புரொசீட்' என்று வந்தால் அன்றைக்கே கையில் கிடைக்கும். 'டிலே' என்று வந்தால் சில நாள் பொறுக்க வேண்டியதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

எதை வாங்குவது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் ரூகர் எல்சிபி-யை எடுத்து நீட்டினார். பெண் என்றால் சின்னதாகக் கொடு என்ற கணக்கு. 9 மி.மீ.-ஐ விட வலு குறைந்த பாயின்ட் 380 ரகத் தோட்டா, ஏறக்குறைய 10 அவுன்ஸ் எடை, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், விலையும் குறைவு. வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற மதுரைக்கார அண்ணன் ஒருவர் பல வருஷமாக ரேஞ்சுக்குப் போகிறவர். அவர்தான் தடுத்தார். "தங்கச்சி, கடையில தூக்கிப் பார்த்துட்டு வாங்கிடாதம்மா. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாரு, அப்புறம் பேசலாம்."

சுட்டுப் பார்த்ததும் புரிந்தது. ஒரே தோட்டாவைக் கனமான பிஸ்டலில் போட்டுச் சுட்டால் உதைப்பைப் பிஸ்டலின் எடை வாங்கிக்கொள்கிறது. எடை குறையக் குறைய அத்தனையும் நம் மணிக்கட்டுக்கு வருகிறது. குட்டிப் பிஸ்டலில் கைப்பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குறிபார்க்க மேலே வைத்திருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு என்பதால் கை துளி அசைந்தாலும் குண்டு விலகிப் போகும். நன்றாகப் பழகியவர்களுக்கு அது அருமையான துப்பாக்கி. முதல் துப்பாக்கியாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஸ்லைடு. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்கிற செமி ஆட்டோமேட்டிக்கில் மேலே உள்ள ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழாயின் பின்முனையிலுள்ள சேம்பருக்குள் போகும். சின்ன 9 மி.மீ. பிஸ்டல்களில் ஸ்லைடு லேசாக இருப்பதால், அதன் வேகத்தை அடக்க ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருப்பார்கள். விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் என்னைப் போன்றவர்களுக்கு அசையவே அசையாது. ரேஞ்சில் பயிற்சி கொடுத்த அம்மாள் வேறு மாதிரி காட்டினார்: ஸ்லைடை மேலிருந்து முழு உள்ளங்கையால் இறுகப் பிடித்து, அதை இழுப்பதற்குப் பதிலாக, கைப்பிடியைப் பிடித்திருக்கும் வலக்கையை முன்னால் தள்ள வேண்டும். இடக்கை சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். விரல் டிரிகரில் படக் கூடாது, குழாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். இப்படிச் செய்ததும் முன்பு அசையாத பிஸ்டல்கள்கூட வசப்பட்டன. இந்த முறையிலும் ஒரு பிஸ்டல் உங்களுக்கு வரவில்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள். நடுவில் தோட்டா சிக்கினால் அதே ஸ்லைடை இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டால் நல்ல பிஸ்டலும் சிக்கும்.

விலை குறைந்தவற்றில் நான் சுட்டுப் பார்த்தவை சில. டாரஸ் ஜி2சி 300 டாலருக்குள் கிடைக்கிறது, 9 மி.மீ., தோட்டா அடுக்குகிற மேகசினில் 12 தோட்டா. அந்த விலைக்கு அது தாராளம்தான், ஆனால் கைப்பிடி எனக்குத் தடிமன். ரூகர் இசி9எஸ்-உம் கிட்டத்தட்ட அதே விலைதான். 7 தோட்டா பிடிக்கும், ஒல்லியாக இருப்பதால் மறைக்கச் சுலபம், ஆனால் நன்றாக உதைக்கிறது. ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு ஈஸி 380, ஸ்லைடு இழுக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகவே செய்தது; சுமார் 400 டாலர். 2018-இல் வந்த சிக் பி365 அந்தச் சின்ன உடம்பில் 10 தோட்டாவை அடக்கி இந்த வகையையே மாற்றிவிட்டது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது 500 டாலரைத் தாண்டும்.

நான் எடுத்தது ரூகர் செக்யூரிட்டி-380. ஈஸியை விடக் கொஞ்சம் விலை குறைவு, ஸ்லைடு லேசாக வருகிறது, 10 தோட்டா பிடிக்கிறது, எல்லா விரலும் கைப்பிடியில் நிற்கிறது. பாயின்ட் 380-க்கு 9 மி.மீ. அளவுக்கு வலு இல்லை என்று அண்ணன் சொன்னார், அது உண்மை. ஆனால் 9 மி.மீ.-இல் ஒன்று பட்டு இரண்டு தப்பிய எனக்கு இதில் எல்லாமே தாளின் நடுவில் விழுந்தன. எனக்கு அது போதும்.

பட்ஜெட் போடும்போது துப்பாக்கி விலையோடு நிறுத்திவிடாதீர்கள். டிரிகரை முழுசாக மூடுகிற கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த ஹோல்ஸ்டர் உறை, வளையாத பெல்ட், பூட்டுப் பெட்டி, காதுக்கவசம், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 150, 200 டாலர் சாதாரணமாக ஆகிவிடும். பயிற்சித் தோட்டாக்கள் 50 கொண்ட பெட்டியாக வரும். 380 பெட்டி 9 மி.மீ. பெட்டியை விடச் சில டாலர் கூடுதல், அதை நான் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன். கூடவே வைத்திருக்க, நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா தனியாக வாங்க வேண்டும். 20 தோட்டாவே பயிற்சிப் பெட்டி ஒன்றின் விலையைத் தாண்டும். ஹாலோ பாயின்ட் சில பிஸ்டல்களில் சிக்கும் என்பதால் அதையும் கொஞ்சம் சுட்டுப் பார்த்துவிட வேண்டும். 500 டாலர்தான் கையில் இருக்கிறது என்றால், 300-க்குத் துப்பாக்கி வாங்கி மிச்சத்தைப் பயிற்சிக்கு வைப்பதே நல்லது. பழையது வாங்கினால், அந்த மாடலை நிறுவனம் திரும்பப் பெற்றதா என்று சீரியல் எண்ணை வைத்து அவர்கள் தளத்தில் பாருங்கள்.

ரேஞ்சுக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கழுத்து இறக்கிய சுடிதார் வேண்டாம். சுடச்சுட வெளியே தெறிக்கிற வெற்றுத் தோட்டா கழுத்து வழியாக உள்ளே விழுந்தால் தோல் கொப்பளிக்கும், அந்தப் பதற்றத்தில் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. முடிந்ததும் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டாவில் ஈயம் இருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கைப்பையில் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பையைத்தான் முதலில் பறிப்பான், பிள்ளைகள் மிட்டாய் தேடிக் கையை விடுவதும் அதில்தான். ஜீன்ஸ், பெல்ட், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு குர்த்தி போட்டால், இடுப்பில் இருப்பது வெளியே தெரியாது. புடவை கட்டும் நாளில் நான் எடுத்துப்போவதே இல்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிறைந்த, தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துப்போகலாம். ஆனாலும் எல்டிசி என்கிற உரிமத்தை நான் வாங்கினேன், நம்மவர்களும் வாங்க வேண்டும் என்பேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோவதை மத்திய சட்டம் தடுக்கிறது. மாநில உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற தாய்க்கு இது தினசரி விஷயம். விலக்கு உண்டென்று பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விடக் கூடாது. உரிமக் கட்டணம் 40 டாலர், வகுப்புக்குத் தனி. சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று கடை வாசல்களில் சட்டப் பிரிவு எண்ணோடு தொங்கும் 30.05, 30.06, 30.07 பலகைகளில் எது யாரைத் தடுக்கிறது என்பதை அந்த வகுப்பில்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். தபால் நிலையத்துக்கு உரிமம் இருந்தாலும் கொண்டுபோக முடியாது.

வீட்டில் அது என் இடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போய்விட்டால், டெக்சாஸில் பெரியவர் மேல் வழக்கு வரும். வழக்கு கிடக்கட்டும், நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் என்ன செய்வோம்? மாணவர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கும் தம்பிக்கும் பெட்டியின் எண்ணைச் சொல்லவில்லை. அவன் கைக்கு எட்டும்படி இருந்தாலே அவன் வைத்திருந்ததாக வாதம் வரலாம். "என்னை நம்பலையாக்கா?" என்று கேட்டான். "உன் விசாவை நினைச்சுத்தான்டா" என்றேன்.

கிரீன் கார்டோடு இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. துப்பாக்கிச் சட்டத்தை மீறித் தண்டனை பெற்றால் நாடு கடத்தவே சட்டத்தில் இடம் இருக்கிறது. குடிமகனுக்கு அபராதத்தோடு போகிற விஷயம் நம் குடும்பத்தையே பெட்டி கட்ட வைத்துவிடலாம். டெக்சாஸ் உரிமம் கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இல்லினாயிலும் செல்லாது. அங்கே போகும்போது அதை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுத்தான் போகிறேன். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பை வேறு, விமானத்துக்குக் கொண்டுபோகிற பை வேறு என்று பிரித்து வைத்திருக்கிறேன். பைக்குள் அடியில் விழுந்து கிடக்கிற ஒரு தோட்டா போதும், விமான நிலையச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.